ஹேமநாதன் காவடி எடுக்காத வருடம்

இந்த வருடத் தைப்பூசத்துக்கு உலு திராம் ஹேமநாதன் காவடி எடுக்கவில்லை. எங்கள் தாமான் குடியிருப்பில் ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். சிங்கப்பூர்ச் சம்பளம் ஏறியதும் சாமி மறந்துவிட்டது என்றார் ஒருவர். வேறு மதத்துக்குப் போய்விட்டான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார் இன்னொருவர். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது என்பது மூன்றாமவரின் மருத்துவ அறிக்கை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நானும் தலையை ஆட்டினேன். உண்மை எனக்குத் தெரியும். வாய்தான் வரவில்லை.

எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். நாங்கள் அவனை நாதன் என்றுதான் கூப்பிடுவோம்.

"எழுது வேலு. என்னய நல்லவனா மட்டும் காட்டிறாத. ஒன்னயும்தான்," என்றான்.

"பேர மாத்திரவா?"

"மாத்துனா மட்டும் இந்தத் தாமான்ல கண்டுபுடிக்க மாட்டாங்களா லா?"

அதனால் மாற்றவில்லை.

நாதன் பிறந்தது சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா அர்ச்சுனனுக்குக் குலை வெட்டும் வேலை. நாதனுக்குப் பதினேழு வயதில், பள்ளி முடிக்கும் ஐந்தாம் படிவச் சோதனைக்கு ஒரு மாதம் இருக்கையில், அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கருமாதி முடிந்த மறுநாள் அம்மா கருப்பாயி வேலைக்குக் கிளம்பிவிட்டார். நாதன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்த வீட்டில் துக்கத்துக்கு இருந்த ஒரே மருந்து கதவைச் சாத்துவதுதான். மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

பிறகு பாசீர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை, விடுதியில் எட்டுப் பேருக்கு ஓர் அறை. ஆபாசப் படம் பார்க்கும் பழக்கம் அங்கேதான் தொற்றியது என்கிறான். மற்றவர்கள் பார்த்தார்கள், கிண்டலடித்தார்கள், தூங்கிப்போனார்கள். இவனால் விட முடியவில்லை. மனசு கனத்தாலும் அதுதான், மேலாளர் திட்டினாலும் அதுதான், ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தாலும் அதுதான். கல்யாணம் ஆனால் தானாகப் போய்விடும் என்று நம்பியிருக்கிறான். நம் ஆண்பிள்ளைகளின் எத்தனையோ வியாதிக்குக் கல்யாணத்தைத்தான் மருந்தாக எழுதிக் கொடுக்கிறோம். மருந்தாக வரப்போகிற பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அப்படி வந்தவள் பிரேமலா. ஆயர் ஈத்தாம் பெண். உலு திராமில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. நாள் முழுக்க முப்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்தாலும் வீட்டில் சிரித்துக்கொண்டே பேசுவாள். முதல் இரண்டு வருடம் அவன் அந்தப் பழக்கத்தை ஏறக்குறைய விட்டிருந்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் பிரேமலாவுக்கு ஐந்தாம் மாதம். நாதன் அப்போது சிங்கப்பூரில், நான் வேலை செய்யும் அதே தொழிற்சாலையில், பகல் ஷிப்டில் இருந்தான். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். மாலை லாக்கரைத் திறந்தால் அவளிடமிருந்து பதினொரு அழைப்பு. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்கு வரும் பாலத்தில் மோட்டார் வரிசை நகரவில்லை. இரண்டரை மணி நேரம் ஆயிரம் பேரின் புகைக்கு நடுவில் நின்றிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் காரில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். இவன் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

"ஏங்க போன எடுக்கல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாளாம்.

"லாக்கர்ல இருந்துச்சு," என்றானாம்.

உண்மையான பதில்தான். ஆனாலும் அதற்குப் பிறகு அவளைத் தொடுவதற்கே அவன் கை கூசியது. அவள் முகத்தைப் பார்த்தால் அந்தப் பதினொரு அழைப்புதான் நினைவுக்கு வருமாம். அதை அவளிடம் சொல்லி அழுதிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். இவன் என்ன செய்தான் தெரியுமா? இரவு ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். அலவன்ஸ் கூடக் கிடைக்கும் என்று அவளிடம் காரணம் சொன்னான். காலை ஒன்பது மணிக்கு அவன் வீட்டுக்கு வரும்போது அவள் பள்ளியில் இருப்பாள். பிற்பகல் மூன்று மணிக்கு அவள் வரும்போது இவன் தூங்குவான். நடுவில் இருந்த அந்த ஆறு மணி நேரத்தில் வெயில் வராமல் திரையை இழுத்துவிட்டு, போனைக் கையில் எடுத்தான்.

இந்த இடத்தில் நான் வருகிறேன்.

பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கென்று நான் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தேன். ஜொகூர் பக்கத்தில் நெரிசலா, உட்லண்ட்ஸ் பக்கத்தில் எத்தனை வரிசை திறந்திருக்கிறது என்று படம் எடுத்துப் போடுவோம். எல்லாரும் ஆம்பிளைகள். ஆம்பிளைகள் மட்டும் இருக்கும் இடத்தில் வாய் சும்மா இருக்குமா? நெரிசல் படங்களுக்கு நடுவில் அந்த மாதிரிப் படங்களும் வர ஆரம்பித்தன. யாரோ போட்டார்கள் என்று எழுத ஆசைதான். போட்டது நான். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகக் காலை வேளையில், "பசியாறுங்க" என்று எழுதி அனுப்புவேன். நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போடுவார்கள். பெரிய கலைஞன் என்று எனக்கு நினைப்பு.

நாதன் இரண்டு தடவை அந்தக் குழுவிலிருந்து வெளியேறினான். வெளியேறினால் நெரிசல் நிலவரம் தெரியாது, வேலைக்குத் தாமதம், சம்பளத்தில் பிடிப்பார்கள். மறுபடி சேர்த்துவிடச் சொல்லி என்னிடமே வந்து நிற்பான். "என்னாடா, சாமியாராப் போயிட்டியோன்னு நெனச்சேன்," என்று கேலி பண்ணிக்கொண்டே சேர்த்துவிடுவேன். அவன் முகம் எப்படி இருந்தது என்று ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம்.

கொரோனா வந்தது. எல்லையை மூடிவிட்டார்கள். சிங்கப்பூரில் வாடகை அறையில் இருபது மாதம் அடைந்து கிடந்தோம். பாலத்தில் நெரிசலே இல்லாத காலத்தில் என் குழுவில் வேறு என்ன மிஞ்சியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த இருபது மாதத்தில் நாதனுக்குப் பழக்கம் முற்றிவிட்டது. பிரேமலா வீடியோவில் அழைத்தால் களைப்பாக இருக்கிறது என்று துண்டித்துவிட்டு, அதே போனில் அதே கையோடு மற்றதைத் திறப்பானாம். இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனைப் பார்க்கவில்லை.

காவடிக்கு வருகிறேன். பிள்ளை போன மறு வருடம்தான் முதல் காவடி எடுத்தான். நாற்பத்தெட்டு நாள் மாலை போட்டு, சைவம் சாப்பிட்டு, கூடத்தில் தனியாகப் பாய் விரித்துப் படுத்தான். அந்த நாற்பத்தெட்டு நாளும் ஒரு படம்கூடப் பார்க்கவில்லை. முருகன் கைவிடமாட்டான் என்று தெம்பு வந்தது. மாலையைக் கழற்றிய ஒரு வாரத்துக்குள் பழைய குருடி கதைதான். அடுத்த வருடம் மறுபடி மாலை, மறுபடி சுத்தம், மறுபடி சறுக்கல். எல்லை மூடியிருந்த காலத்தை விட்டுவிட்டால் ஐந்து காவடி. பயபக்தியாக நடப்பான், அலகின் வலியை முகத்தில் காட்ட மாட்டான். தாமான் பையன்கள் அவன் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். தொடும்போதெல்லாம் ஓடிவிடலாம் போல இருக்கும் என்றான். நான் பக்கத்தில் தண்ணீர் போத்தலைப் பிடித்துக்கொண்டு "வேல் வேல்" என்று கத்திக்கொண்டு நடப்பேன்.

அந்தக் காவடி பிள்ளை வரத்துக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் அம்மா அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னார். அவன் மறுக்கவில்லை, வசதியாக இருந்தது. பிரேமலாவும் அப்படியே நம்பி, வருடாவருடம் அவனுக்குப் பின்னால் பால்குடம் எடுத்து வெறுங்காலோடு நடந்தாள். இடையில் மூன்று டாக்டர்களிடம் போய்ச் சோதித்தாள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். குறை இல்லாவிட்டால் பிறகு ஏன் என்று மாமியார் கேட்டார். புருஷன் பக்கத்தில் வருவதே இல்லை என்று எந்தப் பெண் மாமியாரிடம் சொல்வாள்? தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனிந்ததை இவனும் பார்த்தான். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான்.

சென்ற வருடத் தைப்பூசத்தன்று அவள் குதிகால் வெடித்து ரத்தம் வந்தது. என் மனைவி ஷாமளா அவளை உட்காரவைத்துத் துணி கட்டிவிட்டாள். அப்போது பிரேமலா சொன்னாள், "வலிக்கட்டும்க்கா. என்கிட்ட என்னா கொறன்னுதான் தெரியல. அந்தக் கொறய இந்த வருஷமாச்சும் முருகன் மன்னிக்கட்டும்."

காவடிக்குள் நின்றுகொண்டிருந்த நாதனுக்கு அது காதில் விழுந்தது. மாலை கழற்றிய மூன்றாம் நாள் காலை அந்த வார்த்தை காதில் ஒலிக்க ஒலிக்கவே போனைத் திறந்திருக்கிறான். அரை மணி நேரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் அன்று விடுப்பில் இருந்தேன். எல்லாவற்றையும் கொட்டினான். நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன்.

"இதெல்லாம் ஆம்பளைக்குச் சகஜம் லா. இதுக்குப் போயி மூஞ்ச தூக்கி வச்சிருக்க?"

"சகஜம்னா எனக்கு ஏன்டா சோறு எறங்கல?" என்றான். "சகஜம்னா என் பொண்டாட்டி எதுக்குடா கால்ல ரத்தம் வர நடக்கணும்?"

 அவன் அங்கிருந்து நேராக அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் மனநல ஆலோசகரைப் பார்க்கப் பெயர் எழுதிக்கொடுத்தான். ஆலோசகர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனானாம். வேறு மொழியில் சொன்னால் மானம் கொஞ்சம் குறைவாகப் போகும் என்று ஒரு கணக்கு. கதவைத் திறந்தால் லோஷினி என்று ஒரு தமிழ்ப் பெண், இருபத்தெட்டு வயது இருக்கும், "உக்காருங்கண்ணே" என்கிறாள். பதினைந்து நிமிடம் முதுகு வலியைப் பற்றியே பேசினானாம். அவளும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணே, முதுகுக்குப் பக்கத்து ரூம். இங்க எதுக்கு வந்தீங்க?" என்றாளாம்.

அதன் பிறகுதான் சொன்னான். காவடியைப் பற்றியும் சொன்னான். நாற்பத்தெட்டு நாள் தன்னால் முடிகிறதே, மற்ற நாள் ஏன் முடியவில்லை என்று கேட்டான்.

"அந்த நாப்பத்தெட்டு நாளும் என்னா செஞ்சீங்க?"

ஷிப்டைப் பகலுக்கு மாற்றிக்கொள்வான். விடிவதற்கு முன்பே குளித்துவிடுவான். மாலையில் கோயிலில் மற்ற விரதக்காரர்களோடு உட்கார்ந்து பூத்தொடுப்பான், பஜனை பாடுவான், அலுத்துப்போய்ப் படுத்தால் தூக்கம் வந்துவிடும். வீட்டில் தனியாக இருந்ததே இல்லை. சொல்லச் சொல்ல அவனுக்கே கொஞ்சம் விளங்கியது. ஆனால் லோஷினி அதோடு விடவில்லை.

"விரதம்னு நாப்பத்தெட்டு நாள் தனியாப் படுத்தீங்க. மிச்ச நாள் போன வச்சிக்கிட்டுத் தனியாப் படுத்தீங்க. ஒங்க ஒய்ப் கூட எப்பண்ணே இருந்தீங்க?"

மாலையும் போனும் தனக்கு ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன என்பது அந்த நாற்காலியில்தான் அவனுக்கு உறைத்தது. இரண்டுக்கும் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது அந்தப் பதினொரு அழைப்பு. அதை இரண்டாம் வாரம் சொன்னான். அப்பா இறந்த நாளையும் சொன்னான். கிளினிக்கில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தேன் என்று வெட்கப்படாமல் சொல்கிறான்.

மூன்றாம் வாரம் பிரேமலாவிடம் சொன்னான். சமையல் கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். கத்தவில்லை.

"இத்தன வருஷமா எனக்கு என்னா கொறன்னு கண்ணாடியப் பாத்துக்கிட்டே இருந்தேனே. நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் என்றானாம். அவள் அடுத்த அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான்கு மாதம் அந்த அறையில்தான் படுத்தாள்.

நாதன் பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டான். மோட்டாரை விட்டுவிட்டுத் தொழிற்சாலை பஸ்ஸில் போகிறான். நெரிசலைப் பற்றி ஓட்டுநர் கவலைப்படட்டும் என்று என் குழுவிலிருந்து மூன்றாம் தடவையாக வெளியேறினான். வீட்டுக்கு வந்ததும் போனைச் சமையல் கட்டில் அரிசி டின் மேல் வைத்துவிடுகிறான். வாரம் மூன்று நாள் தாமான் கூடத்தில் பூப்பந்து, பாதி ஆட்டத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவான். இரவுச் சமையல் அவனுடையது. ரசம் மட்டும் இன்னும் கைகூடவில்லை. இடையில் இரண்டு தடவை சறுக்கினான். ஒன்று, பிள்ளை போன அதே தேதி. மறுநாளே லோஷினியிடம் சொன்னான், பிரேமலாவிடமும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னான். "ம்" என்று மட்டும் பதில் வந்ததாம். அன்றைக்கு அந்த "ம்" போதுமாக இருந்தது என்றான்.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் அவள் கதவைத் திறந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். "நா இந்த வீட்டுல இருக்கேன். ஆனா ஒன்னு. ஒங்கம்மாகிட்ட நீங்களே சொல்லணும். இனிமே என்னால தல குனிய முடியாது," என்றாள்.

சரி என்றான். செப்டம்பரில் சிம்பாங் ரெங்கம் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, ரத்த அழுத்த மாத்திரை பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினான். அக்டோபரில் தீபாவளி, நல்ல நாளில் வேண்டாம் என்றான். நவம்பரில் மழை.  பிரேமலா ஒரு துணிப்பையில் உடுப்புகளை மடித்து வைத்தாள். பையைக் கட்டிலுக்கு அடியில் ஒளிக்காமல், கூடத்தில் அவன் கண்ணில் படும்படி வைத்தாள்.

டிசம்பர் நடுவில், வழக்கமாக மாலை போடும் நாளன்று, அம்மா கருப்பாயி மாலையை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். வருடாவருடம் அன்று நானும் ஷாமளாவும் அங்கேதான் சாப்பிடுவோம். அந்த வருடமும் போயிருந்தோம்.

"இந்த வருஷம் எடுக்கலம்மா," என்றான் நாதன்.

அம்மா அவனைப் பார்க்கவில்லை. பிரேமலாவைத்தான் பார்த்தார். "வேணாம்னு சொல்லிட்டாளா? வயித்துலதான் ஒன்னும் தங்கல. சாமியையும் தடுத்துட்டாளா?"

பிரேமலா தலை குனியவில்லை. நிமிர்ந்து நாதனையே பார்த்தாள். துணிப்பை அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"அவளச் சொல்லாதீங்கம்மா," என்றான் நாதன்.  "எனக்கு அசிங்கப் படம் பாக்குற பழக்கம். பல வருஷமா. அதுலயே கெடந்து அவ பக்கத்துலயே போகல. புள்ள எப்பிடிம்மா வரும்? காவடி எடுத்தது புள்ளைக்கு இல்ல, இத விடத்தான். கொற என்கிட்ட. அவ மேல பழி விழுறப்ப எல்லாம் நா வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். அதுதான் பெரிய பாவம். நீங்க அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்மா. நானும்தான்."

அம்மாவின் கை மஞ்சள் துணியை முறுக்கிக்கொண்டே இருந்தது. பழக்கம் என்றால் என்ன, படம் என்றால் என்ன என்று பாதி புரிந்தும் பாதி புரியாமலும் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"வேலு, நீ இவன் கூட்டாளிதானே. இவன் சொல்றது நெசமா? இந்தக் கருமம் எங்கேர்ந்துப்பா வந்துச்சு, ஒனக்குத் தெரியுமா?"

ஷாமளா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாதன் என்னைப் பார்த்தான். காட்டிக்கொடுக்கப்போவதில்லை என்பது அவன் பார்வையிலேயே தெரிந்தது. அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

"தெரியாதும்மா," என்றேன்.

பிரேமலா எழுந்து அந்தத் துணிப்பையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, மாமியாருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கணக்கு அன்று தீர்ந்துவிட்டது. திரும்பி வரும்போது காரில் ஷாமளா, "பாவங்க பிரேமலா. நல்லவேள, நீங்க அப்பிடி இல்ல," என்றாள். நான் ஆமாம் என்றுகூடச் சொன்னேன்.

அன்று இரவே குழுவைக் கலைத்துவிட்டேன். குழுவைக் கலைப்பதற்கு ஒரு விரல் போதும். நாதன் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னதற்கு அது ஈடாகாது. எட்டு வாரமாக இதை எழுதிக் கிழித்து எழுதுகிறேன். முதலில் படிக்கப்போவது ஷாமளாதான். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது கூப்பிடப்போகிறேன்.